முகர்ந்து பார்த்த பிளாஸ்க்

முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

பட்டறையிலிருந்து வந்ததும் உங்கள் டீ பிளாஸ்க்கை வாங்கி, சர்க்கரை வாசனை வருகிறதா என்று முகர்வேனே. இன்று நினைத்தாலே கூசுகிறது.

உங்கள் கால் புண் ஏன் ஆறவில்லை என்று கேட்டதற்கு டாக்டரம்மா சொன்னார்: "இப்ப அவருக்கு சுகர் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா முன்னாடி வருஷக்கணக்கா ஏறிக் கிடந்ததை உடம்பு மறக்கல. புண்ணை ஆத்துற ஜீன்களை அது அமுக்கிவெச்சிருக்கு."

ஆக, நீங்கள் திருட்டுத்தனமாக எதுவும் தின்னவில்லை. நான்தான் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் "என்னத்தத் தின்னீங்க?" என்று உயிரை வாங்கினேன். அதற்குப் பயந்துதானே, கடைசியில் கால் கறுத்ததைக்கூடக் காட்டாமல் சாக்ஸோடு படுத்தீர்கள்?

நாளை கால் கட்டைவிரலை எடுக்கிறார்கள். கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன். வலிக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

இப்படிக்கு, நீங்கள் என்னைச் சொல்வீர்களே, அந்த வீட்டுப் போலீஸ்.
அந்தப் போலீஸ் வேலையை விட்டுவிட்டேன்.