ஓமந்தை வரைக்கும் பேசினது

டீச்சர்,

காலையில் பேத்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மருமகள் பஞ்சில் டெற்றோல் நனைத்து ஒற்றினாள். அந்த மணம் என்னைக் கிளிநொச்சியில் நம் கல்லூரி வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. உதடு பிளந்த முத்து பெட்டியோடு நிற்கிறான். நீங்கள் அவன் வாயைத் துடைக்கிறீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

முத்து மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். விடுதியில் இருந்தான், சனி ஞாயிறு ஓமந்தையில் மாமா வீடு. அவனை அடித்த சுதன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் வயல் செய்யும் குடும்பம். இருவருக்கும் கடைசி வருடம். சுதனைக் கல்லூரியிலிருந்து விலக்கும் கடிதம் அதிபரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. முத்துவோ படிப்பே வேண்டாமென்று கிளம்பிவிட்டான். நீங்கள் அதிபரிடம் ஒரேயொரு பின்னேரம் கேட்டு வாங்கினீர்கள்.

"அண்ணை, நீங்களும் வாங்கோ."

"நான் கேட் பாக்குறவன் டீச்சர். எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டு பக்கத்துக் கதையும் உங்களுக்கு விளங்கும். எனக்கு ஒரு பக்கம்தான்."

உண்மைதான். நானும் மலையகத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் இந்த வன்னிப் பக்கம் வந்தவன்.

நூலகத்தில் நான்கு கதிரை போட்டீர்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்றீர்கள். முதலில் சுதன்.

"இவன் எங்கட அப்பாவை பஸ்ஸுக்குள்ள வைச்சுப் பேசியிருக்கிறான் மிஸ். அதைத் தானே வந்து பெருமையாச் சொல்லுறான்!"

"முத்து, நீர் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

"ஒங்கப்பாவ பஸ்ஸுல பாத்தேன், ஓமந்தை வரைக்கும் நல்லா பேசிட்டு வந்தேன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"பாத்தீங்களோ!" சுதன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் முறைத்தீர்கள்.

"டீச்சர், எங்க பக்கம் பேசுறதுன்னா கதைக்கிறது. இங்கதான் பேசுறதுன்னா ஏசுறது," என்றேன்.

சுதனின் குரல் இறங்கியது. "அப்ப, என்ன கதைச்சனீ?"

"ஒங்க மாடு கன்னு போட்டத. கச்சான் கடலையும் வாங்கிக் குடுத்தாரு."

நீங்களே சிரித்துவிட்டீர்கள். முடிந்தது என்று நான் எழும்பினேன்.

"இருங்கோ அண்ணை. முத்துவிட்ட இன்னும் ஏதோ கிடக்கு."

அவன் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். "அடி ஆறிடும் டீச்சர். அடிக்கிறப்ப என்னைத் தோட்டக்காட்டான்னான். அதுக்கும் இங்க வேற அர்த்தமா?"

யாரும் சிரிக்கவில்லை. "கோவத்தில வந்திட்டுது," என்றான் சுதன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாய் தானாகத் திறந்தது.

"நாப்பது வருசமா அந்தச் சொல்லு காதுல விழும் தம்பி. கேக்காத மாதிரி இருந்துருக்கேன். கேக்காம இல்ல."

"ஐயோ அண்ணை, உங்களை நான் அப்பிடி நினைச்சதே இல்லை."

"அவனையும் அப்பிடி நெனைக்காத."

சுதன் முத்துவின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்கொள் மச்சான். எங்கட வீட்டில அந்தச் சொல் புழங்குது. இனி நான் சொல்லமாட்டன்."

"வீட்லயும் சொல்லி வையி."

"சொன்னால் அப்பா என்னைப் பேசுவார்."

"எங்க ஊர்ப் பேச்சா, ஒங்க ஊர்ப் பேச்சா?" என்றான் முத்து, பிளந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு.

இணக்கத்தை நீங்கள் தாளில் எழுதினீர்கள். இருவரும் கையெழுத்திட்டார்கள். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். அதிபர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேட் வோச்சரின்ர கைநாட்டு எதுக்கு மிஸ்?"

"நடுவர் ரெண்டு பேர், சேர். மற்றவர் அவர்."

அவர் விலக்கல் கடிதத்தைக் கிழித்துப்போட்டார். இருவரும் அந்த வருடமே படிப்பை முடித்தார்கள்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கதிரை போட்டு வழக்குத் தீர்க்கிறார்கள். சொல் குழம்பினால் எனக்கு ஆட்டோ அனுப்புகிறார்கள், நானும் போய் உட்காருகிறேன். முன்பெல்லாம் கைநாட்டு வைத்த கையோடு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்து ஒளித்துக்கொள்வேன். இப்போது மை காயும்வரை மேசையிலேயே வைத்திருக்கிறேன், டீச்சர்.