என் ரேசரும் மச்சினன் தாடியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வெட்டு. மோவாயின் இடது ஓரத்தில், ஓர் அரிசி நீளத்துக்கு. மாதம் பிறந்து நான்கு நாள், வெட்டு மூன்று.

எனக்கா இது? பத்தொன்பது வருஷமாக ஒரே ரேசர். ஓட்டலில் முன் மேசை வேலை கிடைத்த அன்று மாலை வாங்கியது. நல்ல பித்தளை, கையில் கனமாக நிற்கும். அழுத்தவே வேண்டாம், வைத்தால் தானாக இறங்கும். ஜுரத்தில் இதைக் கொண்டு சவரம் செய்திருக்கிறேன். கரண்ட் போன இருட்டில் செய்திருக்கிறேன். ஓடுகிற ரயிலில்கூடச் செய்திருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. மனிதர்களிலேயே இத்தனை வருஷம் என்னிடம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் யாரும் இல்லை.

இப்போது வளர்த்த கடா மார்பில் பாய்கிறது. மார்பில்கூட இல்லை, மூஞ்சியில்.

மார்ச் 6, வியாழன்

பிளேடை மாற்றினேன். சோப்பை மாற்றினேன். வெந்நீர் வைத்து முகத்தில் துண்டைப் போட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். "ஆவி பிடிக்கறீங்களா, சளியா?" என்று என் மனைவி கேட்டாள். அப்புறமும் வெட்டு, இரண்டு இடத்தில்.

ஓட்டலில் காலை ஆறே முக்காலுக்கு நான்தான் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பேன். நகம், காலர், ஷூ. கடைசியாகக் கன்னம். ஒரு மெல்லிய தாளை எடுத்துக் காதுப் பக்கமிருந்து கீழே இழுப்பேன். சத்தம் வரக் கூடாது. 'சர்' என்று உரசினால் திரும்பப் போய்ச் சவரம் செய்துவிட்டுத்தான் வர வேண்டும். இந்தச் சட்டம் நான் எழுதியது. முதுகுக்குப் பின்னால் 'தாள் சார்' என்கிறார்கள். சொல்லட்டும்.

இன்று என் மூஞ்சியில் இரண்டு பஞ்சுப் பொட்டு. பெட்டி தூக்குகிற பெரியவர் தாளுக்குக் கன்னத்தை நீட்டிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சார், வீட்ல பூனை வளக்கறீங்களா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. வரவேற்பில் நிற்கும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு, ரேசருக்குக் குளியல். தலை, தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழற்றி, பித்தளை தேய்க்கும் பொடி போட்டு, பழைய துணியால் தேய்ப்பேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஓட்டல் கதவுக் கைப்பிடிகளுக்குப் போன வருஷம் புதுப் பொடி வந்தது, அதில் ஒரு டப்பா கேட்டு வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி மின்ன வைக்கிறது. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு இது செய்கிற கைமாறு!

தேய்த்துக்கொண்டிருக்கும்போது மச்சினன் வாசற்படியில் வந்து நின்றான். இவளுடைய தம்பி. அவன் கடைசல் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஜனவரியிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான்.

"அத்தான், அதக் கொஞ்சம் குடுங்க, பாக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

கொடுக்கவில்லை. சும்மா யாராவது அடுத்தவன் ரேசரைக் கேட்பார்களா?

பிறகுதான் உறைத்தது. அவன் வந்தது ஜனவரி முதல் வாரம். எனக்கு முதல் வெட்டு விழுந்தது ஜனவரி கடைசி. அவன் கன்னத்தைப் பார்த்தால் தாளே வழுக்கி விழும். குளியலறையில் அவனுக்கென்று ஒரு ரேசரை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12, புதன்

நேற்று இரவு ரேசர் பெட்டியின் மேல் ஒரு வெள்ளை நூலைக் குறுக்கே போட்டு வைத்தேன். காலையில் நூல் கீழே கிடந்தது.

ஆக, அப்படியா.

மார்ச் 15, சனி

கேட்டேவிட்டேன். மாலை டீ குடிக்கும்போது, இவளும் இருக்கும்போதே.

"என் ரேசர நீ எடுக்கறியா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இல்லையே, அத்தான்."

"அப்ப உன் ரேசர் எங்க?"

"எங்கிட்ட இல்ல."

"பின்ன தாடி தானா உதிருதா?"

இவள் குறுக்கே வந்தாள். "அவன் வந்த நாள்லேருந்து முக்குக் கடையிலதாங்க சவரம் பண்ணிக்கறான். பெட்டி மேல நூல் வேற போட்டு வெச்சீங்களே. காலையில அலமாரி துடைக்கறப்ப அதத் தட்டி விட்டது நான்."

தம்பிக்கு அக்கா சாட்சி! வேலை இல்லாதவன் வாரத்துக்கு மூன்று தடவை கடையில் போய் உட்கார்ந்து சவரம் செய்துகொள்கிறானாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். "சோறு போடறேன், இடம் குடுக்கறேன், அது போதாதா? மூஞ்சியில வைக்கிறதுமா என்னோடது வேணும்?" என்றேன்.

அவன் எழுந்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனான். மறுத்தும் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

சோற்றைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம். அது வாய்தவறி வந்தது. மற்றதெல்லாம் சரிதான்.

மார்ச் 18, செவ்வாய்

மச்சினன் சவரம் செய்யவில்லை. மூன்று நாளாயிற்று. கண்ணாடி முன்னால் நான் நிற்கும்போது வேண்டுமென்றே பின்னால் நடந்து போகிறான். இவள் என்னோடு பேசுவது 'சாப்பாடு', 'தண்ணி', 'கதவு' என்ற மூன்று வார்த்தைகளில் முடிந்துவிடுகிறது.

மார்ச் 25, செவ்வாய்

அவனுக்குக் கறுகறுவென்று தாடி. யாரும் அவனைச் சந்தேகப்பட முடியாதபடிக்கு, நடமாடும் வாக்குமூலம் மாதிரி வளர்த்துக்கொண்டு திரிகிறான். பிடிவாதம்! அக்காவுக்குத் தப்பாத தம்பி.

எனக்கு இன்று காதுக்குக் கீழே நீளமாக ஒரு கோடு.

சரி, அவன் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது தொடவில்லை. முன்னால் தொட்டுக் கெடுத்தது கெடுத்ததுதானே? கெட்டுப்போன பால் மறுபடி நல்ல பால் ஆகுமா?

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஏன் இரண்டு தடவை வாசித்தேன்?

மார்ச் 28, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். "மூஞ்சி ஆறற வரைக்கும் நீங்க முன் மேசையில நிக்க வேணாம். உள்ள உக்காந்து பதிவேடு பாருங்க."

பத்தொன்பது வருஷம். என்னை! ஒரு விரல் நீளப் பித்தளையால்!

நாளையிலிருந்து தாள் இழுக்கப்போவது வரவேற்பில் நிற்கும் பெண். பெட்டி தூக்குகிற பெரியவர் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு மெதுவா இழுக்கும் சார்" என்று ஆறுதல் சொன்னார். யாருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஓட்டலில் பராமரிப்பு ஆள் வேலை காலி. பூட்டு, குழாய், கொதிகலன் எல்லாம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். பிப்ரவரியிலேயே மச்சினன் பெயரைச் சொல்லி வைத்தவன் நான்தான். இன்று நேர்காணல். இவள் காலையில் அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். "தாடிய எடுத்துட்டுப் போடா" என்று கெஞ்சியது சமையலறை வரைக்கும் எனக்குக் கேட்டது. "எடுத்தா எதால எடுத்தேன்னு கேப்பாங்கக்கா" என்றான்.

தாடியோடுதான் வந்தான். அறையில் மேலாளரும் நானும். பூட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பேச்சு முடிவதற்குள் கழற்றி மாட்டிவிட்டான். மேலாளருக்குப் பிடித்துவிட்டது. கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"இவரு உங்க மச்சினன்தானே? நம்ம சட்டம் வீட்ல சொல்லலையா? தாடி ஏன்?"

மச்சினன் என்னைப் பார்த்தான். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வீட்டுல சின்னத் தகராறு சார், நாளைக்கு எடுத்துட்டு வருவான்' என்றால் முடிந்திருக்கும். இல்லை, 'நான்தான் தப்பா ஒண்ணு கேட்டுட்டேன்' என்றிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மேலாளர் எதிரில், ரேசருக்காகச் சண்டை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? மேசையில் இருந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன்தான் சொன்னான். "எடுக்கறதா இல்லீங்க சார்."

மேலாளர் அவன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

மச்சினன் போய்விட்டான். சைக்கிள் கடை மாடியில் நண்பர்களோடு தங்கப் போகிறானாம். படுத்த பாயைச் சுருட்டி, கூடத்தைப் பெருக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இவள் சொன்னது: "உங்க ரேசர் பத்திரமா இருக்கு. போய்ப் பாத்துக்குங்க."

ஏப்ரல் 5, சனி

இந்த வீட்டில் நான்தான் குற்றவாளி என்று முடிவாகிவிட்டது. சரி, யார் கெடுத்தார்கள் என்று நிரூபித்தே தீர்வது என ரேசரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடிக் குழல் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கீழ்த்தட்டை நகத்தால் தடவினார்.

"இத யாரு தேச்சுத் தேச்சே தின்னது?"

"என்ன?"

"இந்தப் பக்கத்து விளிம்ப பாருங்க. அந்தப் பக்கத்துல பாதி கூட இல்ல. தடுப்பே தேஞ்சுபோச்சு, பிளேடு வெளிய எட்டிப் பாக்குது. வெட்டாம என்ன பண்ணும்?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. "யாரோ வேணும்னே பண்ணிருக்காங்க, இல்ல?"

குழலைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேணும்னு பண்றவன் இவ்வளவு சிரத்தையா பண்ண மாட்டான் சார். இது வருஷக்கணக்குல பண்ண வேலை. இப்பக் கொஞ்ச நாளா ஏதோ முரட்டுப் பொடியும் போட்டிருக்காங்க. வலது கைக்காரர். எப்பவும் ஒரே பக்கமா வெச்சு அழுத்தித் தேய்க்கிறவர்."

நான் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நிஜமாகவே விட்டுக்கொண்டேன்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம் மாதிரி சிரமம் வேறில்லை. அன்றைக்கு அவன் கையை நீட்டிக் கேட்டானே, பார்க்கிறேன் என்று. இருபது வருஷம் கடைசலில் நின்றவன். ஒரு பார்வையில் சொல்லியிருப்பான். நான் ஒரு நிமிஷம் அவன் கையில் கொடுத்திருந்தால் போதும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை விட்டுவிட்டு, கூடத்தில் படுத்திருந்தவனைக் கோணல் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சைக்கிள் கடை மாடி. ஒரு அறையில் நாலு கட்டில். அவன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். தாடி இன்னும் இருந்தது. உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"தப்பு என்மேலதான்" என்றேன். கடிகாரக்காரர் சொன்னதைச் சொன்னேன். பொடியைச் சொன்னேன். எல்லாவற்றையும் வேகவேகமாகச் சொல்லிவிட்டேன்.

முழுக்கக் கேட்டான். அப்புறம் கேட்டான்:

"எதுக்குத் தப்பு, அத்தான்? சந்தேகப்பட்டதுக்கா, அன்னிக்கு வாய மூடிட்டு நின்னதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரேசர் விஷயத்த நான் எப்பவோ விட்டுட்டேன். நான் என்ன, உங்க ரேசரையா கேட்டேன் அங்க? ஒரு வார்த்தைதானே."

அவன் காட்டிய கட்டிலின் ஓரத்தில் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

வேறு ஊரில் ஒரு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறதாம். நாளைக்கே புறப்படுகிறான். "அங்க மூஞ்சியப் பாக்கறதில்ல அத்தான். அளவத்தான் பாக்கறாங்க."

பையைத் தூக்க நானும் ஒரு பக்கம் கை கொடுக்கப் போனேன். "இருக்கட்டும், கனமில்ல" என்றான்.

ஏப்ரல் 7, திங்கள்

மேலாளரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், ரேசர் உட்பட. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா அவர வேலைக்கு எடுத்திருப்பேனே. சனிக்கிழமை வேற ஆள் போட்டாச்சு."

ஏப்ரல் 19, சனி

மூஞ்சி ஆறிவிட்டது. இப்போது கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ரேசர்தான், காற்றுக்குப் பறந்துவிடும் போலிருக்கிறது. வெட்டுவதில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

மறுபடி முன் மேசை. தாளை அந்தப் பெண்ணிடமே விட்டுவிட்டேன். அவள் நிஜமாகவே மெதுவாகத்தான் இழுக்கிறாள்.

மே 11, ஞாயிறு

மச்சினன் வாரா வாரம் போன் செய்கிறான். இவள் அரை மணி நேரம் பேசுவாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்திருப்பேன். இவள் போனை வைத்துவிட்டு, "நல்லா இருக்கானாம்" என்பாள். என்னைக் கேட்டானா என்று நான் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இவளே சொல்லியிருப்பாள்.

மே 25, ஞாயிறு

இன்றும் அப்படியே.

ஜூன் 8, ஞாயிறு

போன் வந்தது. வழக்கம்போல் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். இவள் பேசிக்கொண்டே எழுந்து வந்து போனை என் முன்னால் நீட்டினாள். வாங்கி, எழுந்து நின்றுகொண்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"அத்தான்."

"சொல்லுப்பா."

"அடுத்த வாரம் நாலு நாள் லீவு. அக்கா வரச் சொல்றா. வரட்டுமா?"

"இதென்ன கேள்வி? இது உன் வீடு..."

"வரேன். தாடிய எடுத்துட்டேன், அங்க எண்ணெய்ப் பிசுக்குல அரிப்பு தாங்கல." பிறகு சொன்னான்: "ஒண்ணும் கவலப்படாதீங்க. ரேசர் கையோட கொண்டு வரேன், என்னோடதே."

சிரித்தான். நானும் சிரித்தேன். போனை இவளிடம் கொடுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளியலறைக்குப் போய், அலமாரியில் இருந்த என் சாமான்களையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளி, பாதி இடத்தைக் காலி செய்து துடைத்து வைத்தேன்.