அப்பாவின் லைஃப் சர்டிபிகேட்

தேஹு ரோடு,
29.11.2003

அன்பு மகன் அருண்ராஜுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் இரக்கத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை பானுவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். உயிரோடு என்பதை வேண்டுமென்றேதான் முதலில் எழுதினேன். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. கடிதம் போட வேண்டாம், தபால் முத்திரையில் புனே என்று இருக்கும், காரியம் கெட்டுவிடும் என்று நீ போனில் சொன்னாய். உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மூன்று வாரத்துக்கு மேல் வாயையும் கையையும் கட்டிக்கொண்டிருந்தேன், இனி முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். மெதுவாகப் படி, நீயே படி. உன் அறையில் இருக்கும் ஜெறோமிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் நீ போன் பண்ணி அழுதுகொண்டே சொன்னதில் பாதி எனக்கு அன்று விளங்கவில்லை, போனை வைத்த பிறகு பானுதான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். ஓட்டல் வேலை என்று கூட்டிப்போன ஏஜெண்டு உங்களைக் கப்பலில் கொண்டுபோய் இத்தாலிக் கரையில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான், போலீஸ் பிடித்துப் பத்து விரலையும் பதிந்துகொண்டது, பயத்தில் நீ தேஹு ரோடு தங்கராஜ் மகன் அருண்ராஜ் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாய், அதுவரை சரி. அங்கிருந்து ரயிலேறி ஜெர்மனிக்குப் போனதும் புத்தி மாறி, நான் மன்னார்க்காரன், சண்டைக்குத் தப்பி வந்தவன், என் அப்பா சவரிமுத்து அம்மா பிலோமினா, வீட்டில் ஷெல் விழுந்து இருவரும் செத்துப்போனார்கள் என்று ஆபீசில் எழுதிக்கொடுத்திருக்கிறாய். ஆபீசில் பொய் சொல்ல முடிந்த உனக்குக் கோயிலில் முடியவில்லை. அந்த ஊர்த் தமிழ்ச் சாமியார், மரித்த விசுவாசிகள் பூசையில் வாசிக்க உன் பெற்றோர் பெயரைக் கேட்டபோது, பூசைக்குப் பொய்ப் பெயர் கொடுக்கக் கூடாது என்று பயந்து தங்கராஜ், அந்தோணியம்மாள் என்று எங்கள் சொந்தப் பெயரையே கொடுத்துவிட்டாய். கோயில் முழுக்க முழந்தாளிட்டு எங்கள் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபம் சொல்லியிருக்கிறது. அதே நாள் நான் இங்கே கல்லறையில் உன் பெரியப்பாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டு, உனக்கு நல்ல சுகத்தைக் கொடு ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற வயிறு எப்படி எரியும் என்று நீயே நினைத்துப்பார்.

இப்போது டிசம்பர் பதினைந்தாம் தேதி உன்னை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். பானு ஸ்டேஷன் பக்கத்து இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். அந்த நாடுகளெல்லாம் டப்ளின் என்ற ஊரில் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம், தஞ்சம் என்று வருகிறவன் எந்த நாட்டு வாசலில் முதலில் மிதித்தானோ அந்த நாடுதான் அவன் வழக்கைக் கேட்க வேண்டுமாம். இந்த வருஷம் ஜனவரியிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் வைத்து விரல் ரேகையை அதில் போட்டுவிடுகிறார்களாம், இங்கே தொட்டால் அங்கே தெரியுமாம். நம் ரேஷன் கார்டு மாதிரிதான், ஒரு கார்டுக்கு ஒரு கடை, விகாஸ்நகர் கடையில் பதிந்துவிட்டு நிகடி கடையில் போய்ச் சர்க்கரை கேட்டால் கொடுப்பானா? அண்ணனை இத்தாலிக்கே திருப்பி அனுப்புவார்கள் என்று பானு சொன்னாள். நீயோ, இத்தாலியில் சொன்னதுதான் பொய், மன்னார்தான் நிஜம் என்று சாதிக்கப் போவதாகவும், அதற்கு மன்னாரில் பிறந்ததாக ஒரு ஞானஸ்நானச் சான்று வேண்டும், அப்பாவிடம் சொல்லி எப்படியாவது வாங்கி அனுப்பு என்றும் என்னிடம் கேட்டாய். யாராவது போன் பண்ணி விசாரித்தால் எனக்கு அப்படி ஒரு மகன் இல்லை என்று சொல்லிவிடு என்றும் சேர்த்துச் சொன்னாய். வாய் கூசவில்லையா ராஜா உனக்கு?

அப்பா கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். இங்கே ராணுவ டிபோவில் முப்பத்துநான்கு வருஷம் ஸ்டோரில் இருந்து ஒரு ஆணி வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். ஆனால் நடந்தது வேறு. மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போனார். கோயில் ஆபீசுக்குப் போய், நம் ஃபாதரிடம், பையன் ஞானஸ்நானச் சான்றில் பிறந்த ஊரை மட்டும் எழுதாமல் விட்டுத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். ஃபாதர் திட்டவில்லையாம், டீ வரவழைத்துக் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று மட்டும் கேட்டாராம். அந்த டீயைக் குடிக்க முடியவில்லை என்று அப்பா என்னிடம் சொன்னார். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை.

அதற்குமேல் இந்த லைஃப் சர்டிபிகேட் விவகாரம். உனக்கே தெரியும், பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் பேங்குக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். வருஷா வருஷம் முதல் தேதியே வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவர் இந்த வருஷம் போகமாட்டேன் என்றுவிட்டார். தினமும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள், "நான் செத்தாச்சுன்னு அவந்தான் சர்க்கார்ல எளுதிக் குடுத்துட்டாம்லா, பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உயிரோட இருக்கேன்னு எளுத" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன். மாதம் முடியப்போகிறது, சோற்றுக்கு வழி அதுதான், இந்த மனுஷனோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன்மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் எங்களைச் சாகடித்ததற்கு அல்ல. நிஜமாகவே மன்னாரிலிருந்து வந்த அந்த ஜெறோம் பிள்ளைக்கு நீ செய்ததுதான். அவன் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போயிருந்த நேரத்தில் வீட்டின் மேல் ஷெல் விழுந்தது, அதனால் அவன் மட்டும் பிழைத்தான் என்று நீதான் முன்னால் ஒருமுறை சொன்னாய். அந்தக் கதையை அப்படியே வாரி உன் பெயரில் எழுதிக்கொடுத்திருக்கிறாய், அந்தக் குடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அவனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது, அந்தத் துக்கம் ஒன்றுதான், அதையும் நீ எடுத்துக்கொள்ளலாமா? உனக்கு ரஞ்சன்காவ் கம்பெனியில் வேலை போனது கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் வீட்டின் மேல் ஒன்றும் விழவில்லையே ஐயா.

இதை நான் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பானுவிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன், அதுவரை ஜெறோம் கதை அப்பாவுக்குத் தெரியாது. கேட்டதும் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். ரெண்டு பேரும் ஒரே ஆபீசில்தானா எழுதிக் குடுத்தது என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிபோவில் ரெண்டு கார்டில் ஒரே நம்பர் வந்துவிட்டால் எது சரி எது தப்பு என்று பார்க்கும்வரை ரெண்டு சாமானையும் நிறுத்திவைப்பார்கள், நல்ல சாமானும் சேர்ந்துதான் கிடக்கும் என்றார். அப்புறம், "இவன் போற போக்குல அந்தப் புள்ளையையும்லா நிறுத்திருவான்" என்றார். இத்தனை நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். நேற்று காலை நான் எழுந்திருக்கும்முன் குளித்துத் தயாராக இருந்தார். பேங்குக்குப் போய், மேனேஜரைக் கெஞ்சி லைஃப் சர்டிபிகேட்டை இரண்டாக எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டிலும் சீல் குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு இரண்டு என்று மேனேஜர் கேட்டதற்கு, ஒண்ணு பென்ஷனுக்கு, ஒண்ணு என் மகனுக்கு என்று சொன்னாராம். அவனுக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் ஆகல்ல, எங்களக் காணாம தேடுதான்" என்றாராம்.

அந்த இரண்டாவது தாளையும் உன் உண்மையான ஞானஸ்நானச் சான்றையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்ட சான்று இதுதான், இதைத் தவிர வேறு எங்களிடம் இல்லை. பதினைந்தாம் தேதி ஆபீசுக்குப் போகுமுன் அந்தத் தமிழ்ச் சாமியாரிடம் போய், செத்தவர்கள் பெயரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் சாமி என்று சொல். பிறகு ஆபீசில் இரண்டு தாளையும் கொடுத்து, குடத்தின் கதை என்னுடையது அல்ல, ஜெறோமுடையது என்று வாயைத் திறந்து சொல். இத்தாலிக்கு அனுப்பினால் போ, அங்கிருந்து புனேவுக்கு அனுப்பினால் வா. வேலை காத்திருக்கிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உன்னைச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று தூக்கமில்லை. ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

உறைமேல் நீ இப்போது வைத்துக்கொண்டிருக்கும் பெயரை எழுதினால்தான் கடிதம் வந்து சேரும் என்று பானு சொல்லி, அவளே எழுதினாள். எனக்குக் கை வரவில்லை. பல்வலிக்குக் கிராம்பு வை, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, படுக்குமுன் ஒரு மங்கள வார்த்தை செபமாவது சொல். மாதா உன்னை நல்ல வழியில் நடத்தட்டும், அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உன் தலைமேல் இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஜெறோமிடம் கொடுக்காதே என்று மேலே எழுதினேன், அதை அடித்துவிடு. அவனிடமே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேள். ஆபீசில் சொல்லுமுன் அவனுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அம்மா,
தங்கராஜ் அந்தோணியம்மாள்