எனக்காக நீ போட்ட ஓட்டு

நேற்று மாலை வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். கிரெடிட் கார்டு விளம்பரங்களுக்கு நடுவில் அபர்டீனிலிருந்து ஓர் உறை கிடந்தது. டெக்சஸ் சுகர் லேண்டின் மே மாத வெயிலில் பெட்டியே கொதித்துக்கொண்டிருந்தது, உறையும் கையைச் சுட்டது. உள்ளே பிரிட்டிஷ் பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டு. வெளிநாட்டில் இருப்பவர்களும் இனி தபாலில் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். போன தேர்தலில் அந்த வசதி இல்லை. அங்கே இருக்கும் ஒருவரை நம் சார்பில் சாவடிக்கு அனுப்ப வேண்டும். நான் உன்னை அனுப்பினேன். இப்போது சீட்டு வந்திருக்கிறது, நீ இல்லை.

நாம் இரண்டு பேரும் அபர்டீனில் ஒரே எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தோம், ஒரே சமயத்தில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினோம், ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டோம். எனக்கு அந்தக் கட்சி ஒரு பழக்கம். உனக்கு அது சொந்தக் குடும்பம். மார்பில் கட்சி பேட்ஜைக் குத்திக்கொண்டு சனிக்கிழமை மழையில் வீடு வீடாகப் பிரசுரம் கொடுக்கப் போவாய். கோவில்பட்டியில் தேர்தல் வேலை பார்த்த உடம்பு சும்மா இருக்குமா என்பாய். இந்தக் குளிரில் உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டே நாலு பேர் ஓட்டுப் போடுவார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். அதுவும் ஓட்டுதானே என்று நீ சட்டை செய்யாமல் போவாய்.

பிறகு கம்பெனி என்னை ஹூஸ்டனுக்கு மாற்றியது. இங்கே எனக்கு க்ரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. எனக்கென்று உலகத்தில் இருந்த ஒரே ஓட்டு உங்கள் ஊரில்தான் இருந்தது.

அந்தக் கட்சி எனக்கு ஏன் வெறுத்துப்போனது என்பது உனக்குத் தெரியும். என் தங்கை மல்லிகா அங்கே நர்ஸாக இருந்தவள், அவளும் பிரிட்டிஷ் குடிமகள். ஈரோட்டில் அவள் கட்டிக்கொண்ட பையனுக்கு விசா மறுத்தார்கள். பிரிட்டனுக்குள் வருவதற்காகத்தான் அவன் கல்யாணமே செய்துகொண்டான் என்று ஓர் அதிகாரி முடிவு கட்டிவிட்டார். இல்லை என்று அந்தப் பையன் எதைக் காட்டி நிரூபிப்பான்? அப்பீலுக்கு அவளை கிளாஸ்கோ வரை காரில் கூட்டிக்கொண்டு போனவன் நீ. அதுவும் தோற்றது. மல்லிகா வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கே போய்விட்டாள். அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தது நம் கட்சி. அவர்கள் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்தலுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீயும் சாந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தபோது பேச்சு அங்கே போய் நின்றது. மல்லிகாவுக்கு நடந்தது அநியாயம் என்று நீயும் ஒத்துக்கொண்டாய். அதற்காகக் கட்சியை விட மாட்டேன் என்றாய். “எல்லாரும் வெளிய போய்ட்டா உள்ள இருந்து யாருடா கேக்குறது?” இத்தனை வருடம் ஆட்சியில் உட்கார்ந்தவர்களுக்குக் காது எங்கே கேட்கப் போகிறது என்று நான் கத்தினேன். ஓட்டே போடாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருந்தேன். அன்று காரில் கத்தியபோதுதான் எனக்கே தெளிவானது. அவர்களை இறக்கியே ஆக வேண்டும், எதிர்க்கட்சிக்குத்தான் போட வேண்டும்.

ஆனால் என் சார்பில் போய்ப் போட அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? உன்னைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸிட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நீ ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாய்.

“யாருக்குன்னு இப்பவே தெளிவா சொல்லிடு. மறுபடி கேக்க மாட்டேன். மனச மாத்தவும் பாக்க மாட்டேன்.”

அதற்கப்புறம் ஊர் திரும்பும்வரை அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. தேர்தலில் உன் கட்சி படுதோல்வி அடைந்தது, உங்கள் தொகுதியும் கையை விட்டுப் போனது. புதிதாக வந்தவர்கள் அந்த விசா விதியை எடுத்துவிட்டார்கள். மல்லிகா புருஷனோடு அபர்டீனுக்குத் திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்குக் கார் கொண்டுபோனவனும் நீதான்.

இங்கே என் மனைவி வசந்திக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அவ்வளவு கட்சி வெறி பிடித்தவர், தன் கட்சிக்கு எதிராகத் தன் கையாலேயே போட்டிருப்பாரா என்று கேட்பாள். அவன் சொன்னால் செய்வான் என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள்ளும் லேசாக ஒரு முள் இருந்தது. திரைக்குப் பின்னால் நீ என்ன செய்தாய் என்று யாருக்குத் தெரியும்? உன்னிடம் கேட்பது உன்னை அவமானப்படுத்துவதாகும். அதனால் கேட்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனதும், இனி கேட்கவே முடியாது என்றாகிவிட்டது.

நான் அபர்டீன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாந்தி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் கேட்காமலே அவள்தான் அந்தத் தேர்தல் நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சாவடி வாசலில் கட்சிக்காக அவளும் உன்னோடு நின்றிருக்கிறாள்.

“ரெண்டு தடவ உள்ள போனாருண்ணா. மொதல்ல பேட்ஜைக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போனாரு. வெளிய வந்து, அதைத் திரும்பக் குத்திக்கிட்டு மறுபடியும் உள்ள போனாரு. ஒரே தடவையில ரெண்டையும் போட்டுட்டு வரலாமேன்னேன். ‘மொதல்ல போனது அவன். இனிமேத்தான் நான் போறேன்’னாரு.”

டீ கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நண்பா, அன்று நான் உனக்காக அழுதது கொஞ்சம், எனக்காக அழுததுதான் அதிகம். என்னை அவ்வளவு மதித்த வேறொருவர் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது உன் இடத்தில் நான் இருக்கிறேன். நான் வரவேண்டும் என்று நினைத்தவர்கள்தான் ஆள்கிறார்கள். மல்லிகாவைச் சேர்த்துவைத்த அதே ஆட்கள், தஞ்சம் கேட்டு வந்தவர்கள் கையில் காசுக்குப் பதிலாகக் கூப்பனைக் கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண், கடையில் அந்தக் கூப்பனை நீட்டத் தலைகுனிந்து நின்றதை மல்லிகா போனில் சொன்னாள். உன்னைப் போலவே நானும், நன்றி இருக்கிறதே, உள்ளே இருந்தே கேட்கலாமே என்று நேற்றுவரை இழுத்துக்கொண்டிருந்தேன். உன் நினைவுக்காக உன் கட்சிக்கே போட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அப்படிச் செய்தால் நீயே எழுந்து வந்து சண்டை பிடித்திருப்பாய்.

இன்று காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குறியைப் போட்டேன். வசந்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். உன் கட்சிக்கும் இல்லை, நான் ஆதரித்த கட்சிக்கும் இல்லை. அந்தக் கூப்பனை ஒழிக்க வேண்டும் என்று சொன்ன மூன்றாவது ஆளுக்கு. அவர் ஜெயிப்பாரா என்று தெரியாது.

இதைக் கேட்டிருந்தால், ஓட்டை வீணாக்கிவிட்டாயே என்று போனிலேயே என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். தபால் வசதி வராமல் இருந்திருந்தால், திட்டி முடித்துவிட்டு, மழையில் நடந்துபோய் இந்தக் குறியையும் நீயேதான் எனக்காகப் போட்டுவிட்டு வந்திருப்பாய்.