இரண்டு வேலைக்காரிகள்

9 பிப்ரவரி 1971, டேட்டன்

டோலிடோவிலிருந்து, பழைய படங்கள் சேகரிக்கும் நண்பர் லெஸ்டர் அனுப்பிய படச்சுருள் வந்தது. நோயில் இரண்டு வாரமாகத் தலையணையை விட்டு எழாத என் கணவர் வெண்டல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

1930-இல் வந்து ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன துப்பறியும் படம். மறுவருடமே இறந்த அவருடைய அம்மா அதில் வேலைக்காரி. அப்போது அவருக்கு மூன்று வயது, குரல் நினைவில்லை. அந்தக் காலத்தில் படம் சுருளில், பேச்சு தனியாக ஒரு தட்டில்; இரண்டையும் சேர்த்து ஓட்டுவார்கள். அந்த ஒலித்தட்டு மட்டும் எங்களிடம் உண்டு. தேய்ந்துவிடும் என்று வருடத்துக்கு ஒருமுறைதான் போடவிடுவார். இரண்டு வேலைக்காரிகள் பேசுகிறார்கள். ஒருத்திக்குத் தேன் குரல், அடுத்தவளுக்குக் கரகரப்பு. எவள் அம்மா?

தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேன் குரல்தான் எங்கம்மா. பந்தயம் கட்டறியா, வெர்னா?" என்றார். கரகரத்தவள் பேசினால் காதைப் பொத்திக்கொள்வார்.

11 பிப்ரவரி

இந்த ஆரம்பகாலப் பேசும் படங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். பூச்சாடிக்குள் மைக்கை ஒளித்து, எல்லாரும் அதைச் சுற்றி நிற்பார்கள். கொலைகாரன்கூட நகரமாட்டான்.

"அவங்களுக்கு இன்னும் பேசக் கூச்சம் போகலை. அதான் புடிக்குது."

இப்போது எனக்கும் பிடிக்கிறது. அவரிடம் சொன்னதில்லை.

12 பிப்ரவரி

சுருள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினேன்.

14 பிப்ரவரி

சுருளையும் தட்டையும் சேர்த்து ஓட்டினோம். போட்டோவில் பார்த்த அதே முகம். வாயைத் திறந்தாள் - தேன் குரல்!

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

3 மார்ச்

வெண்டல் போய்விட்டார்.

20 மார்ச்

லெஸ்டர் துக்கம் கேட்க வந்தார். சுருளை ஒட்டியதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். "வெட்டின இடத்துல அதே நீளத்துக்குக் கறுப்பு ஃபிலிம் வச்சுத்தானே ஒட்டினே?" என்றார்.

"எதுக்கு?"

"வைக்கலைன்னா படம் முந்திடும், தட்டு பிந்திடும். ஒருத்தர் குரல் இன்னொருத்தர் வாயில வரும், வெர்னா."

பதினெட்டு வருடம் இந்த வீட்டில் இருந்தும் - இதுகூடத் தெரியாமலா இருந்தேன்?

21 மார்ச்

கறுப்புத் துண்டு வைத்து ஒட்டி, ஓட்டினேன். அம்மாவின் வாயில் கரகரத்த குரல். "விளக்கை அணைச்சது நான் இல்லீங்க, ஐயா."

பாவி, மனுஷனைப் பொய்யோட அனுப்பிட்டேனே.

மறுபடி போட்டேன். பேசுமுன் ஒரு சின்னச் செருமல். அப்புறம் அந்தக் குரல். காலையில் காபி கேட்கும் குரல். அம்மாவின் கரகரப்பு அப்படியே வெண்டலின் குரல்தான். தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும்.

ஐந்து முறை போட்டுவிட்டேன். தட்டு தேயும் என்று திட்டுவார். திட்டட்டும்.