ஹிரோஷிமாவில் ஊற்றிய தண்ணீர்

ஹனோவர், ஜேர்மனி
ஒக்டோபர் 19

அன்புத் தங்கச்சி கொறற்றிக்கு,

மாதாவின் கிருபையால் நீயும் மகள் தேனுஜாவும் சுகமாயிருக்க வேண்டும். எத்தனை தரம் போன் எடுத்தாலும் தேனுஜாதான் பேசுகிறாள். அம்மா கோயிலுக்குப் போயிட்டா என்கிறாள். ஒரு நாளைக்கு உனக்கு எத்தனை பூசையடி? அதனால்தான் கடிதம். கிழிப்பதற்காவது நீ இதைக் கையில் எடுக்க வேண்டுமே.

எனக்கு முழங்கால் வலிதான், வேறொன்றுமில்லை. அடுத்த வருடம் பென்ஷன். நம்பினால் நம்பு, என்னோடு ட்ராம் ஓட்டுகிறவர்களும் நானும் சேர்ந்து போன மாதம் ஜப்பானுக்குப் போனோம். ஹனோவரும் ஹிரோஷிமாவும் சகோதர நகரங்கள். எங்களுடைய பழைய ட்ராம் ஒன்றுகூட அங்கே நிற்கிறது. குண்டு விழுந்த மூன்றாம் நாளே அங்கே ட்ராம் ஓடத் தொடங்கிவிட்டதாம். இப்போது பார்த்தால் எரிந்த ஊர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு மரம். நீயும் வீட்டைத் திருப்பிக் கட்டிவிட்டாய்தான். ஷெல் விழுந்த இடம் எதுவென்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அங்கே நினைவுக்கல்லுக்கு முன்னால் ஒரு அம்மா போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியிடம் ஏனென்று கேட்டேன். எரிகாயத்தோடு கிடந்தவர்கள் தண்ணீர் தண்ணீரென்று கெஞ்சினார்களாம். கொடுத்தால் உயிர் போய்விடுமென்று பயந்து, பக்கத்தில் இருந்தவர்கள் கொடுக்கவில்லையாம். அதற்காக இன்றுவரை ஊற்றுகிறார்களாம். நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டேன், கொறற்றி.

தொண்ணூற்றைந்தில் அந்த ஷெல் பட்டு, உன் மனுசன், என் மச்சான் மரியதாஸ் உன் மடியில் கிடந்து தண்ணீர் கேட்டான். நீ செம்போடு குனிந்தாய். வயித்துக் காயத்துக்குக் குடுக்காதை, குடுத்தா போயிடுவான் எண்டு கத்தி, செம்பைப் பறித்தவன் நான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்பே, காய்ந்த வாயோடு அவன் போய்விட்டான். நான் செய்தது சரியா பிழையா என்று இந்த முப்பது வருடத்தில் ஒரு டொக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். உன்னிடம் கேட்க அதைவிடப் பயம்.

அந்தக் கல்லில் நானும் ஒரு போத்தல் ஊற்றினேன். மனம் ஆறவில்லை. ஊற்றவேண்டிய இடம் அதுவல்லவே.

போன முறை வந்தபோது தேனுஜாதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நீ குசினியை விட்டு வெளியே வரவில்லை. டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை மரியதாசின் கல்லறையில் இரண்டுபேருமாக ஊற்றுவோம். ஏசுவதென்றால் ஏசு, அடிப்பதென்றாலும் அடி. ஆனால், வந்து இறங்கும்போது எனக்குத் தாகமாக இருக்கும். உன் கையால் ஒரு செம்பு தண்ணீர் தா தங்கச்சி.

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அண்ணன்,
அல்பேர்ட்