தாடையைத் தாழ்த்தி

ஏப்ரல் 4

மகளுக்கு,

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் என்று நினைத்துவிடாதே. நான் எதையும் மறக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து நான் கிடந்தபோது, என்னைக் கேட்காமல் உன் தம்பியைக் காப்பகத்தில் சேர்த்தாய். கழுத்து நிற்காத பிள்ளை. முப்பது வயதிலும் எனக்குக் கைக்குழந்தை. எழுந்து நடமாடியதும் தடி ஊன்றி, இரண்டு பஸ் மாறி, தினமும் மதியம் போய் என் கையால்தான் ஊட்டினேன். அப்படியும் ஒன்பதே மாதத்தில் நெஞ்சுச்சளி வந்து போய்ச் சேர்ந்தான். "நீதான்டி அவனைக் கொன்னே" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

விஷயம் இதுதான். எங்கள் தெருமுனையில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பகல் மையம் திறந்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் சாப்பாடு ஊட்ட ஆள் கேட்டார்கள். செவ்வாய், வியாழன் போகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு என்றதும் அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள்தான் முதலில் குனிந்தாள்.

அங்கே ஒரு சக்கர நாற்காலி குறைகிறது. உன் தம்பியுடையது உன் வீட்டில்தானே கிடக்கிறது? அனுப்பி வை. பேத்தி என்னைக் கேட்டாளா?

அம்மா

மே 9

மகளுக்கு,

நாற்காலி வந்தது. கூட ஒரு வரி இல்லை. உன் வீம்பு என்னிடமிருந்து வந்ததுதான். யாரைக் குறை சொல்ல?

அதில் இப்போது ஒரு பெண் உட்காருகிறாள். அவளுக்கும் கழுத்து நிற்காது. தலையைப் பின்னால் சாய்த்து முதல் வாய் ஊட்டினேன், இருமினாள். மையத்து நர்ஸ் ஓடி வந்தாள்.

"பாட்டி, தலையைச் சாய்க்காதீங்க. தாடை நெஞ்சைப் பார்க்கணும்."

"முப்பது வருஷம் ஊட்டினவளுக்கு நீ சொல்லித் தர்றியா?"

"அண்ணாந்துக்கிட்டு நீங்களே ஒரு வாய் தண்ணி முழுங்கிப் பாருங்க."

விழுங்கினேன். புரை ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்படி ஏறுறது நுரையீரலுக்குப் போகும் பாட்டி. சளி அங்கதான் கட்டும்."

அவனுக்கும் நான் தலையைச் சாய்த்துத்தான் ஊட்டினேன்.

அவனுடைய கடைசி நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நீ சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாய். இடது செருப்பில் வார் அறுந்திருந்தது. திரும்பி வந்து "சளிதாம்மா" என்றாய். அவர் என்ன சொன்னார்? எழுது.

அம்மா

மே 21

அம்மா,

நீ கேட்காமலே இருந்திருக்கலாம். சாப்பாடு நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார். யார் ஊட்டியது என்று கேட்டார். நான் என்று சொன்னேன்.

காப்பகத்தில் முன்பே இரண்டு முறை என்னிடம் "உங்கம்மாவை ஊட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அவன் சாப்பிட்ட பிறகுதான் நீ சாப்பிடுவாய். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். அதனால் நீ அன்று சொன்னது முழுப் பொய் இல்லை.

இனிமேல் எழுதாதே அம்மா. என்னால் படிக்க முடியவில்லை.

உன் மகள்

ஜூன் 2

கண்ணு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மையத்துக்குப் போகவில்லை. இன்று போனேன். அந்தப் பெண்ணின் தாடையை இடது கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாய் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும் வரை காத்திருந்து, அடுத்த வாய். கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆனது.

அவள் ஒரு தடவைகூட இருமவில்லை, கண்ணு. ஒரு தடவைகூட.

அம்மா